குதிரைக்கு உலர்புல் கிடைக்காத நாளில் பதப்படுத்திய தீவனம் கொடுப்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டம் சிறுமலையிலும், கொடைக்கானல், போடி மலைப்பகுதிகளிலும் வண்டி ஏறாத தோட்டங்கள் பல உண்டு. அங்கே விளையும் எலுமிச்சை, வாழை, காப்பி, மிளகு ஆகியவை மட்டக்குதிரையின் முதுகில்தான் இறங்குகின்றன. உரமும் அரிசியும் அதே முதுகில்தான் ஏறுகின்றன. ஒரு சிறு விவசாயியிடம் இருப்பது ஒன்று அல்லது இரண்டு குதிரைகள். அறுவடை நேரத்தில் குதிரை படுத்துவிட்டால் பறித்த காய் தோட்டத்திலேயே அழுகும்.

இக்குதிரைகளுக்கு ஆண்டில் இரண்டு பருவங்களில் தீவனச் சிக்கல் வருகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் புல் கருகிப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், சேர்த்து வைத்த உலர்புல் ஈரம் வாங்கிப் பூசணம் பிடிக்கிறது. இந்த நாட்களில் கையில் கிடைத்த வைக்கோலையோ, மாட்டுக்கு வாங்கிய மூட்டைத் தீவனத்தையோ குதிரைக்குப் போடுவது வழக்கமாக உள்ளது. வயிற்றுவலி கண்டு குதிரை சாவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

உலர்புல்லுக்குப் பதிலாக நறுக்கிய தீவனம், உலர்த்திய குதிரை மசால், குச்சித்தீவனம் எனப்படும் பெல்லட் ஆகியவற்றைக் கொடுக்கலாம். முறையாகக் கொடுத்தால் குதிரை வேலைத்திறன் குறையாமல் இருக்கும். ஆனால் எடை போட்டுக் கொடுக்க வேண்டும். மெதுவாக மாற்ற வேண்டும். மெல்லும் வேலையைக் குதிரையிடமிருந்து பறித்துவிடக் கூடாது. இம்மூன்றும் ஏன் முக்கியம் என்பதைக் குதிரையின் வயிற்றமைப்பிலிருந்து தெரிந்து கொள்ளலாம்.

குதிரையின் வயிறு வேறு, மாட்டின் வயிறு வேறு

மாடு அவசரமாகத் தின்று, பிறகு படுத்து அசை போடும். அதன் பெரிய அசைவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்க வைக்கின்றன. குதிரை அசை போடுவதில்லை. அதன் இரைப்பை சிறியது. நன்கு வளர்ந்த பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மட்டக்குதிரைக்கு இன்னும் குறைவு. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குதிரைக்குப் பின்குடலில், அதாவது பெருங்குடலிலும் அதை ஒட்டிய குடல்வாய்ப் பையிலும் உள்ளன.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வெளியே தள்ள வழியில்லை. அதன் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் சுரந்து கொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். குதிரைக்கு உமிழ்நீர் மெல்லும்போது மட்டுமே சுரக்கும். மேய்ச்சலில் விட்ட குதிரை நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்து கொண்டே இருப்பதன் காரணம் இதுதான்.

ஒரு கிலோ உலர்புல்லைத் தின்ன ஒரு குதிரைக்குச் சுமார் 40 நிமிடம் ஆகிறது. ஒரு கிலோ தானியத்தைச் சுமார் 10 நிமிடத்தில் தின்று முடித்துவிடும். குச்சித்தீவனமும் ஏறக்குறைய தானியத்தைப் போலவே விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே சத்துக் கணக்கில் சரியாக இருந்தாலும், குச்சித்தீவனம் மட்டும் தின்னும் குதிரை நாளின் பெரும்பகுதி வெறும் வாயுடன் நிற்கும். அப்போது இரைப்பைப் புண் வருகிறது. கொட்டில் மரத்தைக் கடிப்பது, மண்ணைத் தின்பது போன்ற பழக்கங்களும் ஏற்படுகின்றன. உலர்புல்லுக்கு மாற்றுத் தேடுபவர்கள் சத்துக்கு மட்டுமல்லாமல் மெல்லும் நேரத்துக்கும் சேர்த்து மாற்றுத் தேட வேண்டும்.

குதிரையின் எடையை அறிவது

தீவன அளவு குதிரையின் எடையைப் பொறுத்தது. எடை மேடை இல்லாத ஊரிலும் தையற்காரர் நாடாவைக் கொண்டு எடையை மதிப்பிடலாம்.

முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், திமில்மேட்டைச் சுற்றி மார்புச் சுற்றளவைச் செண்டிமீட்டரில் அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பின் முனை வரை உடல் நீளத்தை அளக்க வேண்டும். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, சுற்றளவு 135 செ.மீ., நீளம் 130 செ.மீ. என்றால் 135 x 135 x 130 = 23,69,250. இதை 11,900-ஆல் வகுத்தால் 199 கிலோ. அதாவது இது சுமார் 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை. இந்தக் கணக்கு வளர்ந்த குதிரைகளுக்கு மட்டுமே பொருந்தும். குட்டிக்கும் சினைக்குதிரைக்கும் பொருந்தாது.

தேவையான அளவு

ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உலர் எடையில் தீவனம் தேவை. இதில் நார்த்தீவனம் மட்டும் 1.5 சதவீதத்துக்குக் குறையவே கூடாது. 200 கிலோ குதிரைக்கு மொத்தம் 4 முதல் 5 கிலோ உலர் எடை. அதில் நார்த்தீவனம் குறைந்தது 3 கிலோ.

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 கிலோ பசும்புல்லில் உலர் எடை 4 கிலோதான். உலர்புல்லிலும் குச்சித்தீவனத்திலும் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே 20 கிலோ பசும்புல்லுக்கு ஈடு சுமார் 4.5 கிலோ உலர்தீவனம்.

கூடை, படி, அள்ளு ஆகியவற்றை நம்பக் கூடாது. ஒரு கூடை நறுக்கிய உலர்புல் ஒரு கிலோகூட இருக்காது. அதே கூடை நிறையக் குச்சித்தீவனம் பல கிலோ இருக்கும். தொங்குதராசு ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தக் கூடையில் எந்தத் தீவனம் எத்தனை கிலோ பிடிக்கிறது என்று ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொண்டால் போதும்.

மாற்றுத் தீவன வகைகள்

1. நறுக்கிய உலர்தீவனம்: சிறு விவசாயிக்கு மிகவும் ஏற்றது இதுவே. உலர்புல், நிலக்கடலைக் கொடி, உலர்த்திய குதிரை மசால் ஆகியவற்றைச் சேர்த்து நறுக்கிக் கொடுக்கலாம். குதிரை தண்டை ஒதுக்கி இலையை மட்டும் பொறுக்கித் தின்பது குறையும், சேதாரமும் குறையும். மெல்லும் நேரம் உலர்புல்லை ஒட்டியே இருக்கும். நறுக்கும் நீளம் 3 முதல் 5 செ.மீ. இருக்க வேண்டும். மாட்டுக்கு நறுக்குவது போல் பொடிப்பொடியாக நறுக்கினால் குதிரை மெல்லாமல் விழுங்கும். குடலில் அடைப்பு உண்டாகும். தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் நீளத்தை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

2. உலர்த்திய குதிரை மசால்: பெயரிலேயே குதிரை உள்ள இப்பயிர் உலகெங்கும் குதிரைகளுக்கு விரும்பிக் கொடுக்கப்படுகிறது. இதில் புரதம் 18 முதல் 20 சதவீதம் வரை உண்டு. சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. இதையே முழுத் தீவனமாகக் கொடுக்கத் தேவையில்லை. நார்த்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதுமானது.

3. குச்சித்தீவனம், கட்டித்தீவனம்: புல்லையும் மசாலையும் அரைத்து அழுத்திச் செய்தவை. இடம் குறைவாகப் பிடிக்கும், தூசி குறைவு, மழைக்காலத்தில் சேமிக்க எளிது. மூட்டையில் உள்ள சீட்டைப் படித்து வாங்க வேண்டும். நார்ச்சத்து குறைந்தது 18 சதவீதம் இருந்தால்தான் அது உலர்புல்லுக்கு மாற்று. அதற்குக் குறைந்தவை அடர்தீவனத்தைச் சேர்ந்தவை. பல் நன்றாக உள்ள குதிரைக்கு நார்த்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குச்சித்தீவனம் வேண்டாம்.

4. வைக்கோல்: நெல் வைக்கோலில் மணல்சத்து மிகுதி, புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். குதிரையின் குடலில் எளிதில் செரிக்காமல் அடைத்துக்கொள்ளும். வேறு வழியே இல்லாதபோது நறுக்கிய தீவனத்தில் நான்கில் ஒரு பங்கு வரை கலக்கலாம். பல் தேய்ந்த குதிரைக்கு அறவே கூடாது.

5. ஊறுகாய்ப்புல்: காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனமான சைலேஜ் கறவை மாட்டுக்கு மிக நல்லது. குளிர்நாடுகளில் புல்லைப் பாதிக்கு மேல் உலரவைத்துப் பிறகு காற்றுப் புகாமல் சுற்றிக் குதிரைக்கும் கொடுக்கிறார்கள். நம் ஊரில் மாட்டுக்காக விற்கப்படும் மக்காச்சோள ஊறுகாய்ப்புல் ஈரம் மிகுந்தது. அதில் மண்ணோ, செத்த எலி, பாம்போ சேர்ந்திருந்தால் போட்டுலிசம் என்னும் நச்சு உண்டாகலாம். குதிரை இந்த நச்சைத் தாங்காது. நாக்கு தொங்கி, விழுங்க முடியாமல், கால்கள் வலுவிழந்து சாகும். பூசணம் பிடித்த மக்காச்சோளமும் குதிரையின் மூளையைப் பாதிக்கும். ஆகவே இதைக் குதிரைக்குத் தவிர்ப்பதே நலம்.

குதிரை மசால் உலர்த்தும் முறை

பாசன வசதி உள்ள தோட்டத்தில் ஐந்து சென்ட் இடத்தில் குதிரை மசால் பயிரிட்டாலும் பெரும் உதவியாக இருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை விதைக்கலாம். எக்டருக்கு 20 கிலோ விதை தேவை. ஐந்து சென்ட்டுக்கு 400 கிராம் போதும். 25 செ.மீ. இடைவெளியில் வரிசையாக விதைக்க வேண்டும். விதைத்த 75 முதல் 80 நாட்களில் முதல் அறுவடை. பிறகு 25 முதல் 30 நாட்களுக்கு ஒரு முறை அறுக்கலாம்.

உலர்த்துவதற்கு, பூ எடுக்கத் தொடங்கும் தருணத்திலேயே அறுக்க வேண்டும். முற்றவிட்டால் தண்டு கட்டையாகிவிடும். பூத்த பயிரில் கொப்புள வண்டுகள் வரும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் உலர்ந்த மசாலோடு இவ்வண்டுகளையும் தின்று குதிரைகள் இறந்திருக்கின்றன. இந்த இன வண்டுகள் நம் ஊரில் துவரை, தட்டைப்பயறுப் பூக்களில் மொய்ப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். அறுக்கும்போது வண்டு தென்பட்டால் அந்த அறுவடையைக் குதிரைக்குக் கொடுக்கக் கூடாது.

பனி உலர்ந்த பிறகு காலையில் அறுத்து, மெல்லிய படுகையாக அன்று முழுதும் வெயிலில் வாடவிட வேண்டும். மறுநாள் முதல் நிழலில், காற்றோட்டமான கொட்டகையில் உலர்த்த வேண்டும். மசாலின் சத்து பெரும்பகுதி இலையில்தான் உள்ளது. நடுப்பகல் வெயிலில் புரட்டினால் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். காலையில் இலை சற்றுப் பதமாக இருக்கும்போது புரட்ட வேண்டும்.

தண்டை முறுக்கினால் ஈரம் கசியாமல் ஒடிய வேண்டும். ஈரம் 15 சதவீதத்துக்கும் குறைந்த அந்தப் பதம் வந்தபிறகுதான் அடுக்க வேண்டும். 100 கிலோ பசும் மசாலிலிருந்து 22 முதல் 25 கிலோ உலர் மசால் கிடைக்கும். தரையில் வைக்காமல் பலகை அல்லது மூங்கில் பரண்மேல் அடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அடுக்கினுள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் உடனே பிரித்து உலர்த்த வேண்டும்.

நிலக்கடலைக் கொடியையும் இவ்வாறே உலர்த்தலாம். ஆனால் அதில் ஒட்டியுள்ள மண்ணை நன்கு உதறிவிட வேண்டும். மண் குடலில் படிந்தால் மணல் வயிற்றுவலி வரும். மழையில் நனைந்து கறுத்த கொடி குதிரைக்கு ஆகாது.

ஊறவைத்துக் கொடுத்தல்

குச்சித்தீவனத்தை உலர்ந்தபடி கொடுத்தால் குதிரை அவசரமாக விழுங்கும். தொண்டைக்குழலில் உமிழ்நீர் பட்டு உப்பி அடைத்துக்கொள்ளும். ஒரு பங்கு குச்சித்தீவனத்துக்கு இரண்டு முதல் மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கையால் பிசைந்தால் கட்டி இல்லாமல் கூழாக வர வேண்டும். கெட்டியான கட்டித்தீவனத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தேவைப்படும். ஊறியது வெயில்காலத்தில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். அந்தந்த வேளைக்கு மட்டும் ஊறவைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவ வேண்டும்.

இரண்டு வாரத்தில் மெதுவாக மாற்ற வேண்டும்

பின்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பழகிய தீவனத்துக்கு ஏற்றவையாக இருக்கும். தீவனம் திடீரென மாறினால் அவை செத்து, வாயு திரண்டு, வயிற்றுவலி காணும். கால் குளம்பில் அழற்சியும் வரலாம். ஆகவே முதல் மூன்று நாள் நான்கில் ஒரு பங்கு புதிய தீவனம். அடுத்த நான்கு நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த நான்கு நாள் முக்கால் பங்கு. பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு முழு அளவு என மாற்ற வேண்டும். சாணம் இளகினாலோ, கெட்டிப்பட்டுக் குறைந்தாலோ, அதே அளவில் நிறுத்திச் சில நாள் பார்க்க வேண்டும். புல் தீர்ந்த பிறகு மாற்றுத் தீவனம் தேடுவது காலங்கடந்த செயல். அடுக்கில் இரண்டு வாரப் புல் இருக்கும்போதே மாற்றத் தொடங்க வேண்டும்.

சந்தையில் வாங்கிய குதிரைக்கும் இவ்விதி பொருந்தும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவையொட்டி நடக்கும் சந்தைக்குப் பல ஊர்களிலிருந்தும் குதிரைகள் வருகின்றன. அங்கு வாங்குபவர்கள், விற்பவர் இதுவரை என்ன தீவனம் கொடுத்தார் என்று கேட்டு, முடிந்தால் அதே தீவனத்தில் சில நாளுக்கானதையும் கூடவே வாங்கி வருவது நல்லது.

200 கிலோ குதிரைக்கு ஒரு நாள் பட்டியல்

சுமை வேலை செய்யும் குதிரைக்குக் கீழ்க்கண்டவாறு கொடுக்கலாம். எடை யாவும் ஊறவைக்கும் முன் உள்ள எடை.

விடியற்காலை, வேலைக்கு முன்: நறுக்கிய தீவனம் அரை கிலோ.
நண்பகல், இளைப்பாறிய பின்: நறுக்கிய தீவனம் அரை கிலோ, ஊறிய குச்சித்தீவனம் அரை கிலோ.
மாலை: நறுக்கிய தீவனம் ஒரு கிலோ, ஊறிய குச்சித்தீவனம் அரை கிலோ.
இரவு: நறுக்காத நீள உலர்புல் ஒன்றரை கிலோ.

மொத்தம் 4.5 கிலோ. நறுக்கிய தீவனம் என்பது இரண்டு பங்கு உலர்புல், ஒரு பங்கு மசால் அல்லது நிலக்கடலைக் கொடி சேர்ந்தது. கையிருப்பில் உள்ள நீளப்புல்லை இரவுக்கு ஒதுக்குவது முக்கியம். இரவில்தான் குதிரை நீண்ட நேரம் வெறும் வாயுடன் நிற்கிறது. நீளப்புல் அறவே இல்லையென்றால், அதற்கு ஈடாக 3 முதல் 5 செ.மீ. நறுக்கிய தீவனத்தையே இரண்டு தடவையாகக் கொடுக்க வேண்டும். குச்சித்தீவனத்தைக் கூட்டக் கூடாது.

வேலை மிகுந்த நாளில் வேகவைத்த கொள்ளு கூடுதலாகத் தரலாம். ஒரு வேளைக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். வேலை இல்லாத நாளில் கொள்ளைக் குறைத்து, நார்த்தீவனத்தைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும்.

உலர்தீவனம் தின்னும் குதிரைக்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவை. ஓய்வில் உள்ள 200 கிலோ குதிரைக்கே நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர். வெயிலில் சுமை தூக்கினால் 20 லிட்டருக்கு மேல். தண்ணீர் குறைந்தால் உலர்தீவனம் குடலில் இறுகிவிடும். சாப்பாட்டு உப்பு நாளுக்கு 20 முதல் 30 கிராம் கொடுத்து வர வேண்டும்.

மாட்டுக்கு உகந்தது குதிரைக்கு ஆகாது

மாட்டுக்கும் குதிரைக்கும் ஒரே கொட்டில் உள்ள வீடுகளில் கீழ்க்கண்டவற்றை மனத்தில் இருத்த வேண்டும்.

யூரியா தெளித்துப் பதப்படுத்திய வைக்கோல் மாட்டின் அசைவயிற்றுக்காக ஏற்பட்டது. குதிரைக்கு அதனால் பயன் இல்லை, தீங்கு நேரலாம். மாட்டுக் கலப்புத் தீவனத்திலும் யூரியா சேர்ப்பதுண்டு.

கோழித்தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின் என்னும் மருந்து கலப்பதுண்டு. கோழி தாங்கும் அளவில் மிகச் சிறு பங்கே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். கோழித்தீவனம் சிந்திய சாக்கைக்கூடக் குதிரைத் தீவனத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

சூபாபுல் எனப்படும் சவுண்டல் இலையில் மைமோசின் என்னும் பொருள் உள்ளது. இதைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். சவுண்டல் இலைத்தூள் சேர்ந்த தீவனத்தைக் குதிரைக்குத் தவிர்க்க வேண்டும்.

ஆமணக்குப் புண்ணாக்கு உரமாக வைத்திருந்த சாக்கில் தீவனம் கட்டக் கூடாது. ஆமணக்கு விதையின் நஞ்சுக்குக் குதிரை எளிதில் பலியாகும்.

அரளி இலை காய்ந்தாலும் நஞ்சு குறையாது. மேயும் குதிரை பெரும்பாலும் அரளியை ஒதுக்கிவிடும். புல்லோடு சேர்த்து நறுக்கிவிட்டால் அதற்குப் பொறுக்கத் தெரியாது. ஒரு கைப்பிடி இலையே உயிரைக் குடிக்கப் போதுமானது. கிலுகிலுப்பைச் செடியும் இப்படித்தான். அது ஈரலைக் கெடுக்கும். நறுக்கும் முன் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்ப்பது விவசாயியின் பொறுப்பு. குதிரை தானே செய்துவந்த தேர்வை, நறுக்கிய தீவனத்தில் மனிதன்தான் செய்ய வேண்டும்.

முகம் வீங்கும் நோய்

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கினியாப்புல், கொழுக்கட்டைப்புல், நீர்ப்புல் ஆகியவற்றிலும், மலைகளில் பரவியுள்ள கிக்கியூ புல்லிலும் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. அது தீவனத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது. மாட்டின் அசைவயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்கு அவ்வளவு தீங்கில்லை. குதிரைக்கு அச்சுண்ணாம்பு உடலில் சேராமலே போய்விடும். உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் இப்புற்களை மட்டுமே தின்ற குதிரை ஒருநாள் இந்தக் காலை நொண்டும். மறுநாள் வேறு காலை நொண்டும். கன்ன எலும்பு இருபுறமும் தடித்து வீங்கும். தவிடு மிகுதியாகக் கொடுத்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் இந்நோயை மேலும் வளர்க்கும்.

புல்லை உலர்த்தினாலும் நறுக்கினாலும் இக்குறை தீராது. பயறுவகைத் தீவனத்தை, குறிப்பாகக் குதிரை மசாலைச் சேர்ப்பதும், அருகம்புல் போன்றவற்றைக் கலந்து கொடுப்பதும், கால்நடை மருத்துவர் குறிக்கும் அளவில் சுண்ணாம்புச் சத்துள்ள தாது உப்புக் கலவை கொடுப்பதும் தீர்வாகும். தவிட்டைக் குறைக்க வேண்டும்.

முதிய குதிரைக்கும் இருமும் குதிரைக்கும்

பதப்படுத்திய தீவனம் மிகச் சிறந்த பயன் தருவது இவ்விரு வகைக் குதிரைகளுக்கே. பல் தேய்ந்த குதிரை புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே துப்பும், சாணத்தில் நீளநீளமாகப் புல் தெரியும், உடல் இளைக்கும். இக்குதிரைக்கு மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கு வரம்பு இல்லை. ஊறிய குச்சித்தீவனத்தையே முக்கிய உணவாக, நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்துச் சில ஆண்டுகள் நன்றாக வைத்திருக்கலாம். எல்லாக் குதிரைகளுக்குமே ஆண்டுக்கு ஒருமுறை பல்லைப் பார்க்கச் செய்வது நல்லது.

தூசிப் புல்லைத் தின்று இருமும் குதிரைக்கு, கொடுப்பதற்கு முன் புல்லைக் கால் மணி முதல் அரை மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வைத்து, வடித்து, ஈரத்துடன் உடனே கொடுக்க வேண்டும். பூசணம் பிடித்த புல்லை நனைத்தாலும் அது நல்ல புல்லாகாது. அதை எருக்குழியில்தான் போட வேண்டும்.

ஆபத்தின் அறிகுறிகள்

குதிரை முன்னங்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்து உருள்வது, வியர்ப்பது, சாணம் போடாமல் இருப்பது ஆகியவை வயிற்றுவலியின் அடையாளங்கள். மூக்கு வழியே தீவனமும் எச்சிலும் வடிந்தால் தொண்டைக்குழல் அடைத்திருக்கிறது என்று பொருள். இரண்டிலும் தீவனத்தை உடனே நிறுத்த வேண்டும். தொண்டை அடைப்பில் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. எண்ணெயையோ கஷாயத்தையோ வாயிலும் மூக்கிலும் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது நுரையீரலுக்குள் போய்க் குதிரையைக் கொன்றுவிடும். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற இலவச எண்ணிலும் நடமாடும் கால்நடை மருத்துவ உதவியைக் கோரலாம். வயிற்றுவலியில் சில மணி நேரத் தாமதமே உயிருக்கு உலை வைக்கும்.

செலவுக் கணக்கு

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பாராமல் உலர் எடையின் விலையைப் பார்க்க வேண்டும். பசும்புல் கிலோ 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் எடை என்பதால், ஒரு கிலோ உலர் எடைக்கு 15 ரூபாய் ஆகிறது. உலர்தீவனம் கிலோ 12 ரூபாய் என்றால், பத்தில் ஒன்பது பங்கு உலர் எடை என்பதால் ஒரு கிலோவுக்கு 13 ரூபாய் 33 காசுதான். விலை மிகுந்ததுபோல் தோன்றும் தீவனம் சிலவேளை மலிவாகவே முடியும். அவரவர் ஊர் விலையைப் போட்டு இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

நிலக்கடலை அறுவடையில் நல்ல கொடியை உலர்த்தி ஒதுக்குவது, மசாலுக்கு ஐந்து சென்ட் ஒதுக்குவது, மழைக்கு முன்னரே பரண் கட்டிப் புல்லை ஏற்றுவது ஆகிய மூன்றையும் செய்துவிட்டால், மூட்டைத் தீவனம் வாங்கும் தேவை ஆண்டில் சில வாரங்களுக்குச் சுருங்கிவிடும். குறிப்பிட்ட குதிரையின் வயது, வேலை, சினை நிலைக்கு ஏற்ற அளவை அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிலோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். சித்திரை வறட்சிக்கான தீவன ஏற்பாட்டைத் தை மாதமே தொடங்கிவிடுவது நல்லது.